பேட்டரி வாங்கும் முன் ஒரு பேப்பர் எடுங்கள்

சினிமா, புத்தகம், பரீட்சை பயம் என்று கைக்கு வந்ததையெல்லாம் இங்கே எழுதியாகிவிட்டது. இன்றைக்கு வயரிங். ஓடிவிடாதீர்கள். ஃபார்முலா என்று வந்தால் பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி மட்டும்தான் வரும். :-)

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன கேம்பர் வண்டி கட்டுகிற பத்துப் பேரைப் பிடித்தால் அதில் எட்டுப் பேர் சோலார் பேனலில் ஆரம்பித்து, பேட்டரி, இன்வெர்ட்டர் என்று வாங்கிக்கொண்டே போய், கடைசியில் மீதி இருக்கிற காசில் வயர் வாங்குவார்கள். (இது சர்வே எடுத்த கணக்கு இல்லை, நான் பார்த்த வரைக்கும்.) என் கருத்து, இந்த வரிசை தலைகீழ். என்ன வேண்டும் என்ற பட்டியல் முதலில், வயர் அடுத்து, ஃபியூஸ் அதற்கடுத்து, பேட்டரி, பேனல் எல்லாம் கடைசி. தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நாங்களே சாட்சி.

கேம்பர் என்றால் என்ன என்று ஊரில் இருக்கும் நண்பர்களுக்காக ஒரு வரி. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற, உள்ளே படுத்துத் தூங்குகிற பெட்டி. அதில் ரொம்பச் சின்ன ரகத்துக்குக் கண்ணீர்த்துளி என்று பெயர், பக்கவாட்டில் பார்த்தால் அந்த வடிவம். 1930களிலிருந்தே அமெரிக்காவில் இருக்கிறது. நாலடி அல்லது ஐந்தடி அகலம், எட்டடி நீளம், இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. பிளைவுட், தெர்மோகோல் மாதிரியான ஃபோம் ஷீட், அலுமினியத் தகடு இருந்தால் யாரும் வீட்டிலேயே செய்யலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

நாங்கள் மூன்று பேர், கொலராடோவில் படிக்கிறோம். ஒருவன் மெக்கானிக்கல், ஒருவன் கம்ப்யூட்டர் (கார் அவனுடையது), நான் எலக்ட்ரிக்கல். கடைசி வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் அசிங்கப்படும்போது தேவைப்படும்.

நடந்தது

"மச்சி, 100 வாட் பேனல் ஆஃபர்ல போட்டிருக்கான், வாங்கிட்டேன்" என்று கம்ப்யூட்டர்காரன் வந்தான். அடுத்த வாரம் 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி. அதற்கடுத்து 1000 வாட் இன்வெர்ட்டர், ரைஸ் குக்கர் வைக்க வேண்டுமாம். ஒரு கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ். காசு தீர்ந்துவிட்டது. வயர்? கையில் பழைய 18 கேஜ் ஸ்பீக்கர் வயர் ஒரு சுருள் கிடந்தது. "12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகுது?" என்று சொன்னது யார் தெரியுமா? எலக்ட்ரிக்கல்காரன்.

பேட்டரி வண்டியின் முன்மூக்கில் ஒரு பெட்டியில். ஃப்ரிட்ஜ் பின்னால் சமையல் மேடையில். வயர் சுவருக்குள், பிளைவுட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே போகிறது. பாதி வழியில் வயர் எட்டவில்லை. ஊரில் செய்கிற மாதிரியே இரண்டு முனையையும் சுரண்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே பிளைவுட்டைப் பசை போட்டு ஒட்டி ஸ்க்ரூ முடுக்கியாயிற்று.

டென்வரிலிருந்து யூட்டாவின் மோவாப் வரை 570 கிலோமீட்டர் சொச்சம், அதில் கடைசிப் பகுதி மண் பாதை. முதல் ராத்திரி ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. ஓடும், பத்து விநாடியில் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய்யும்.

"ஓட்டை ஃப்ரிட்ஜ்டா, ரிட்டர்ன் பண்ணிடலாம்."

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 12.5 வோல்ட். ஃப்ரிட்ஜ் ஓடும்போது அதன் முனையில் 10.6. நடுவில் 1.9 வோல்ட் காணோம். எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டே உள்ளே சுவரைத் தடவினால் ஓர் இடத்தில் கை அளவுக்கு வெதுவெதுப்பு. நாங்கள் தலை வைத்துப் படுக்கிற இடத்திலிருந்து ஒரு சாண் தூரம்.

பிளைவுட்டை அறுத்துத் திறந்தோம். டேப் பழுப்பாகி இளகிப் பிசுபிசுத்துக் கிடந்தது. சுற்றி இருந்த ஃபோம் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிக் குழி விழுந்திருந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அந்த ராத்திரி மூன்று பேரும் வெளியேதான் படுத்தோம்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம், அந்த லைனில் ஃபியூஸ் இருந்தது. அது போகவே இல்லை. போகவும் போகாது. ஏனென்றால் கரண்ட் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, 5 ஆம்பியர். தப்பு கரண்ட்டில் இல்லை, முறுக்கில்.

கணக்கு

காணாமல் போன 1.9 வோல்ட்டை இப்போது கண்டுபிடிப்போம். முன்மூக்கிலிருந்து பின்மேடை வரை வயர் போகும் வழி 4 மீட்டர். போக 4, வர 4, மொத்தம் 8 மீட்டர். (திரும்பி வரும் வயரைக் கணக்கில் விடுவது எல்லோரும் செய்கிற தப்பு.) 18 கேஜ் வயரின் குறுக்குப் பரப்பு 0.82 சதுர மி.மீ. செம்பின் தன்மின்தடை 0.0172. ஆக, 0.0172 x 8 / 0.82 = 0.168 ஓம். 5 ஆம்பியர் போனால் 0.84 வோல்ட் வயரிலேயே காலி. மீதி ஏறக்குறைய 1 வோல்ட் அந்த ஒரே முறுக்கில். 1 வோல்ட் x 5 ஆம்பியர் = 5 வாட்.

5 வாட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எட்டு மீட்டர் வயரில் பரவினால் ஒன்றுமில்லை. விரல் நுனி அளவு இடத்தில், டேப் சுற்றி, ஃபோமுக்குள் புதைத்து, மணிக்கணக்காக ஓடினால்? அந்தச் சூடு வெளியே போக வழியே இல்லை. ஃபோம் போட்டதே சூடு போகக் கூடாது என்றுதான்!

ஃப்ரிட்ஜ் ஏன் நின்று நின்று ஓடியது என்பதும் இப்போது புரியும். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்கள் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக வோல்டேஜ் இறங்கினால் தானே நின்றுவிடும். உதாரணத்துக்கு, இந்த ரக ஃப்ரிட்ஜ்களில் பிரபலமான பி.டி.35 கம்ப்ரசர் 10.4 வோல்ட்டுக்கு இறங்கினால் நிறுத்தும், 11.7க்கு மேல் ஏறினால்தான் மறுபடி ஆரம்பிக்கும். ஓட ஆரம்பித்ததும் வயர் வோல்ட்டைத் தின்கிறது, நிற்கிறது. நின்றதும் கரண்ட் இல்லை, வோல்டேஜ் பழையபடி ஏறுகிறது, மறுபடி ஓடுகிறது. ஃப்ரிட்ஜ் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பழி மட்டும் அதன்மேல்.

அதே இடத்தில் 12 கேஜ் வயர் (3.31 சதுர மி.மீ.) போட்டிருந்தால் இழப்பு 0.21 வோல்ட். கேம்பர், படகு கட்டுகிறவர்கள் முக்கியமான சாதனங்களுக்கு 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்பார்கள், அதாவது 12 வோல்ட்டில் 0.36. 14 கேஜ் (2.08 சதுர மி.மீ.) போட்டால் 0.33, விளிம்பில் பாஸ். 12 கேஜ் நிம்மதியான பாஸ். 18 கேஜ் 7 சதவீதம், படு ஃபெயில்.

வீட்டுப் புத்தி

நம் எல்லோருக்கும் கரண்ட் என்றால் வீட்டுக் கரண்ட்தான் தெரியும். ஊரில் 230 வோல்ட், இங்கே 120. அந்த அனுபவத்தை வைத்து 12 வோல்ட்டைப் பார்த்தால் இரண்டு விதத்தில் ஏமாறுவோம்.

ஒன்று, வயர் தடிமன். 60 வாட் சாதனம் 120 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். வோல்டேஜ் பத்தில் ஒன்றானால் கரண்ட் பத்து மடங்கு, வயரில் இழக்கும் வோல்ட்டும் பத்து மடங்கு. ஆனால் கையில் இருக்கிற வோல்ட்டோ பத்தில் ஒரு பங்கு. எனவே சதவீதக் கணக்கில் இழப்பு நூறு மடங்கு! வீட்டில் மெல்லிசு வயர் தாங்கியதே என்ற அனுபவம் இங்கே பைசா பெறாது.

இரண்டு, பயம். வீட்டில் ஷாக் அடிக்கும் என்பதால் மரியாதை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, அதனால் மரியாதையும் இல்லை. ஆனால் 100 ஆம்பியர்-அவர் பேட்டரியின் இரண்டு முனையும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் தவறி விழுந்தால் அப்படியே வெல்டிங் ஆகிவிடும். இது ஷாக் அடித்து எச்சரிக்கிற கரண்ட் இல்லை, சத்தமில்லாமல் சுடுகிற கரண்ட்.

பட்டியல்

இப்போது பேப்பர். ஒரு நாளைக்கு நிஜமாக என்ன வேண்டும்? வாட் x மணி, அவ்வளவுதான். எங்களுடையது:

ஃப்ரிட்ஜ்: 60 வாட், நாளில் 30% நேரம் ஓடும் – 432
கூரை விசிறி: 12 வாட், 9 மணி – 108
எல்.இ.டி. விளக்கு மூன்று: 9 வாட், 4 மணி – 36
போன் இரண்டு – 30
லேப்டாப் ஒரு சார்ஜ் – 60
மொத்தம்: 666 வாட்-அவர்

இதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பர்ச்சேஸ் லட்சணம் புரிந்தது. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். எனவே 100 ஆம்பியர்-அவர் என்பது 1200 வாட்-அவர் அல்ல, கைக்கு வருவது 600தான். ஒரு நாளுக்கே போதாது. 100 வாட் பேனல் யூட்டா கோடை வெயிலில், நல்ல வெயில் ஐந்தரை மணி நேரம் என்று வைத்து, சூடு, தூசி, கோணம் எல்லாவற்றுக்கும் கால்வாசி கழித்தால் 410 சொச்சம். செலவு 666, வரவு 410. என் பேங்க் கணக்கு மாதிரியே இருக்கிறது. ஹி ஹி.

பேப்பரை முதலில் எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். 100 வாட் பேனலை ஆஃபரில் வாங்கியதே நஷ்டம், தேவை 200.

இன்வெர்ட்டர் எதற்கு?

இங்கேதான் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இரண்டு பேர் படுக்கிற சின்ன வண்டிக்கு இன்வெர்ட்டர் வேண்டாம் என்பது என் கட்சி.

பட்டியலை மறுபடி பாருங்கள். ஃப்ரிட்ஜ் 12 வோல்ட். விசிறி 12 வோல்ட். விளக்கு 12 வோல்ட். போனும் இப்போதைய லேப்டாப்பும் 12 வோல்ட் யு.எஸ்.பி. சார்ஜரிலேயே ஏறும். இன்வெர்ட்டர் கேட்கிற சாமான் ஒன்றுகூட இல்லை. 12 வோல்ட் டி.சி.யை 120 வோல்ட் ஏ.சி.யாக்கி, அதை அடாப்டரில் குத்தி மறுபடி 20 வோல்ட் டி.சி. ஆக்குவது, மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வேலை.

சும்மா இருந்தாலும் இன்வெர்ட்டர் தின்னும். 1000 வாட் ரகம் சும்மா ஆன் ஆகி இருந்தாலே சுமார் 15 வாட் எடுக்கும். நாள் முழுக்க மறந்துவிட்டால் 360 வாட்-அவர். அந்த 100 வாட் பேனல் நாள் முழுக்கச் சம்பாதித்ததில் பெரும்பங்கு, எதுவுமே செய்யாமல் காலி!

சரி, ரைஸ் குக்கர்? நியாயமாகச் சொல்ல வேண்டும். சின்ன குக்கர் 400 வாட், அரை மணி நேரம், 200 வாட்-அவர். அது தாங்கும். பிரச்சினை மொத்த அளவில் இல்லை, ஒரே நேரத்தில் இழுப்பதில். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 35 ஆம்பியர். நம்மவர்கள் ஊரிலிருந்து கட்டி எடுத்து வருகிற 110 வோல்ட் மிக்ஸி 750 வாட் என்றால் 65 ஆம்பியருக்கு மேல், ஆரம்பிக்கிற நொடியில் இன்னும் அதிகம். எங்கள் பட்டியலில் உள்ள எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 20 ஆம்பியர் தாண்டாது. ஒரு தேங்காய்ச் சட்னிக்காக மொத்த வண்டியின் வயரும் ஃபியூஸும் பேட்டரியும் மூன்று மடங்கு ஆக வேண்டும். பின்மேடையில் கேஸ் அடுப்பு இருக்கிறது. சோறு அதில் வேகும். சட்னிக்குப் பதில் இட்லிப்பொடி கொண்டு போகலாம். காசுக் கணக்கில் பார்த்தால் இட்லிப்பொடி இன்வெர்ட்டரை விட ரொம்ப மலிவு.

ஃபியூஸ் யாருக்காக?

ஃபியூஸ் சாதனத்தைக் காப்பாற்ற என்று நினைக்கிறோம். இல்லை, அது வயரைக் காப்பாற்ற. 14 கேஜுக்கு 15 ஆம்பியர், 12 கேஜுக்கு 20, 10 கேஜுக்கு 30 என்பது வீட்டு வயரிங்கில் இங்கே பழகிய உச்ச அளவு. அதற்கு மேல் ஃபியூஸ் போட்டால் ஃபியூஸ் போகும் முன் வயர் போய்விடும்.

ஊரில் எங்கள் தெருவில் ஃபியூஸ் அடிக்கடி போனால், கட்டையில் ஒரு கம்பிக்குப் பதில் நாலு கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு "இனி போகாது" என்று சந்தோஷப்படுவார்கள். உண்மைதான், ஃபியூஸ் போகாது. மீதி எல்லாம் போகும். இதே காரியத்தை இங்கே 10 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் சொருகி நாகரிகமாகச் செய்கிறார்கள்.

இடமும் முக்கியம். மெயின் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கிற வயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அமெரிக்கப் படகுக்காரர்களின் அமைப்பான ஏ.பி.ஒய்.சி. இதற்கு 7 அங்குலம் என்று அளவே வைத்திருக்கிறது (வயருக்கு மேலுறை இருந்தால் கொஞ்சம் தளர்வு). நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் படகு விதிகள் கறாரானவை. ஒரே ஒரு சின்னக் கதவு உள்ள மரப்பெட்டிக்குள் தூங்குகிறவன் அந்த விதியைக் கடன் வாங்குவதில் தப்பே இல்லை.

நிறம் என்கிற வம்பு

இது யாரும் சொல்லித் தராதது. இந்திய வீட்டில் கறுப்பு வயர் நியூட்ரல். அமெரிக்க வீட்டில் கறுப்புதான் லைவ்! காரில் கறுப்பு என்றால் நெகட்டிவ். ஆனால் இங்கே கடையில் வாங்குகிற பல பெரிய கேம்பர்களில் 12 வோல்ட் பாசிட்டிவுக்கே கறுப்பு போடுவார்கள். பச்சை? இரண்டு நாட்டு வீட்டிலும் எர்த். டிரெய்லரின் நாலு பின் கனெக்டரில் பச்சை என்பது வலது பக்க இண்டிகேட்டர் லைட்! மஞ்சள் இடது, பழுப்பு பின்விளக்கு, வெள்ளை கிரவுண்ட்.

மூன்று பேர், இரண்டு நாட்டுப் பழக்கம், ஒரே வண்டி. நிறத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் எது என்று எழுதி ஒட்டுங்கள். ரோட்டு விளக்குகளின் வயரையும் உள்ளே இருக்கிற வயரையும் ஒன்றாகக் கட்டவே கட்டாதீர்கள். உள்ளே விசிறி ஷார்ட் ஆனால் வெளியே பிரேக் லைட் போகக் கூடாது.

முறுக்குக்குத் தடா

எங்களைக் கிட்டத்தட்ட சுட்டது முறுக்குதான் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். வீடு நகராது. வண்டி ஒவ்வொரு கிலோமீட்டரும் ஆடும். வீட்டுக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வயர் ஆடி ஆடி இறுகி முறியும், அதனால் பல இழை வயர்தான். முறுக்கி டேப் சுற்றுவது கூடாது, ஆட்டத்தில் தளரும், தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு, சூட்டில் டேப் இளகி இன்னும் தளரும். சரியான கருவியால் கிரிம்ப் செய்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை மாட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், மூடிய சுவருக்குள் இணைப்பே கூடாது. சுவருக்குள் போகிற வயர் முழு வயராகப் போய் மறுமுனையில் வெளியே வர வேண்டும். இணைப்பு எல்லாம் கை எட்டுகிற, கண் பார்க்கிற இடத்தில்.

இது சாத்தியமாக வேண்டுமானால் பிளைவுட் ஒட்டும் முன்பே எந்த விளக்கு எங்கே, எந்த வயர் எவ்வளவு நீளம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். அதற்குத்தான் முதலில் பேப்பர் என்கிறேன்.

மறுத்துச் சொல்பவர்களுக்கு

"இவ்வளவு எதற்கு? கைப்பிடி வைத்த பவர் ஸ்டேஷன் டப்பா ஒன்று வாங்கி உள்ளே வைத்தால் முடிந்ததே!" சனி ஞாயிறு மட்டும் போகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். பேட்டரி, சார்ஜர், பாதுகாப்பு எல்லாம் ஒரே பெட்டியில், சுவருக்குள் வயரே இல்லை. ஆனால் அதை வாங்கவும் அந்த 666 கணக்கு வேண்டும். கணக்கு இல்லாமல் வாங்கினால் அங்கேயும் இரண்டாம் நாள் காலை ஃப்ரிட்ஜ் நிற்கும்.

"முகாம்களில்தான் கரண்ட் தருகிறார்களே?" எல்லா இடத்திலும் இல்லை. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற டெவில்ஸ் கார்டன் முகாமில் மின் இணைப்பு கிடையாது. அரசு நிலங்களில் இலவசமாகத் தங்குகிற இடங்களில் குழாய்த் தண்ணீரே இருக்காது. கரண்ட் தருகிற இடத்தில் இருக்கும் 30 ஆம்பியர் பிளக் பார்க்க 240 வோல்ட் பிளக் மாதிரி இருந்தாலும் அது 120 வோல்ட்தான். வீட்டில் அந்த பிளக் வைக்கச் சொன்னால் துணி உலர்த்தும் மெஷினுக்கு என்று நினைத்து 240 கொடுத்துவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு, வண்டியில் உள்ளதெல்லாம் புகைந்துவிடும். மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். சின்ன வண்டிக்கு அதுவும் தேவையில்லை, சாதாரண பிளக்கில் ஒரு பேட்டரி சார்ஜர் போதும்.

"இன்வெர்ட்டர் இல்லாமல் முடியாதவர்கள்?" உண்டு. உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள். (தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவிகள் பலவற்றுக்கு டி.சி. அடாப்டரே கிடைக்கிறது, முதலில் அதைத் தேடுங்கள்.) அவர்கள் இன்வெர்ட்டரைப் பட்டியலில் எழுதி, அதற்கேற்ற தடிமன் வயரோடு வைக்கட்டும். பட்டியலில் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்குவதற்குத்தான் ஆட்சேபணை.

இப்போது

குளிர்கால விடுமுறையில் ஒரு பக்கச் சுவரைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். ஃப்ரிட்ஜுக்கு 12 கேஜ், 10 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டி வரை 8 கேஜ், பேட்டரி ஓரத்திலேயே 30 ஆம்பியர் மெயின் ஃபியூஸ். சுவருக்குள் இணைப்பு பூஜ்யம். இன்வெர்ட்டரை விற்றோம். அந்தக் காசோடு கொஞ்சம் போட்டு இன்னொரு 100 வாட் பேனல். லெட்-ஆசிட்டுக்குப் பதில் அதே 100 ஆம்பியர்-அவரில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 80% எடுத்தாலும் 1000 வாட்-அவர் வரும், எடையும் பாதிக்குக் கீழ். ஒரே நிபந்தனை, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. கொலராடோ குளிரில் இது சும்மா சொல்கிற எச்சரிக்கை இல்லை. குளிரில் தானே சார்ஜை நிறுத்திக்கொள்கிற ரகமாகப் பார்த்து வாங்கினோம்.

ஃப்ரிட்ஜ் முனையில் இழப்பு இப்போது 0.2 வோல்ட். வரைபடத்தை பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். நாளைக்கு இந்த வண்டியை வாங்குகிறவனுக்கும் அது வேண்டும்.

மொத்தத்தில் இரண்டு தடவை வண்டி கட்டினோம். இரண்டாவது தடவைக்கு ஆன காசு, நேரம், அறுத்த பிளைவுட் எல்லாம் அந்த ஒரு பேப்பரை முதலில் எடுக்காததற்குக் கட்டிய அபராதம். அபராதம் அதோடு நின்றதே என்று நினைத்துக்கொள்கிறேன். அன்று ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடாமல் ஒழுங்காக ஓடியிருந்தால் நாங்கள் யாரும் சுவரைத் தடவிப் பார்த்திருக்க மாட்டோம்.

பி.கு.: அந்தப் பழுப்பு டேப் முறுக்கை மட்டும் வெட்டி எடுத்து என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். "எலக்ட்ரிக்கலா படிக்கிற?" என்று யாராவது மரியாதையாகக் கேட்டால் எடுத்துக் காட்டுவேன். :-(